உல்லாஸ் நதியில் ஆடிப்பெருக்கு

தமிழில் 'உல்லாசப் பயணம்' என்றால் சுற்றுலா. உல்லாஸ்நகரில் முப்பது வருடம் குடியிருந்த தமிழர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மத்திய ரயில்வேயில் கல்யாணைத் தாண்டி, விட்டல்வாடிக்கு அடுத்து வரும் இந்த ஊருக்கு உல்லாசத்தைத் தேடி யாரும் வருவதில்லை. மலிவாகக் கட்டிலும் பீரோவும் வாங்க வருவார்கள். மூட்டை மூட்டையாக ஜீன்ஸ் வாங்க வருவார்கள். 'மேட் இன் யூஎஸ்ஏ' என்று முத்திரை குத்திய சாமான் கையில் கிடைத்தால், அது அமெரிக்கா இல்லை, 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்பது மும்பையின் பழைய ஜோக். இந்த ஊரில் உல்லாஸ் என்று ஒரு நதி இருக்கிறது, அதன் பெயர்தான் ஊருக்கு வந்தது என்று சொன்னால், ஊர்க்காரர்களே வால்துனியின் பக்கம் கையைக் காட்டி மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

வால்துனி வேறு, உல்லாஸ் வேறு. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது கல்யாணுக்கு வெளியே பட்டாளத்துக்காகக் கட்டிய முகாம் இது. நீள நீளமான பாரக்குகள். 1947இல் பிரிவினை வந்தபோது சிந்து மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்த இந்துக்களை அரசாங்கம் இங்கே கொண்டுவந்து இறக்கியது. சுமார் ஒரு லட்சம் பேர். 1949 ஆகஸ்ட் 8 அன்று இங்கே புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டி, உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர், சிந்துவை இழந்து வந்தவர்களின் ஊருக்கு ஒரு மராட்டிய ஆற்றின் பெயரை வைத்தார். ஆனால் முகாமை ஒட்டி ஓடியது அந்த ஆறு இல்லை. அம்பர்நாத் பக்கத்துக் குன்றுகளில் பிறந்து, ஊருக்கு நடுவே புகுந்து, கல்யாணைக் கடந்து உல்லாஸில் கலக்கும் சின்ன ஆறான வால்துனிதான்.

நான் வளர்ந்தது நாலாம் நம்பர் கேம்ப்பில். அப்பாவுக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பாரக்கில் பாதி அறைதான் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் போகும் வழியில் வால்துனிப் பாலத்தைத் தாண்டும்போது, இன்றைக்கு என்ன கலர் என்று பந்தயம் கட்டுவோம். சில நாள் சிவப்பு, சில நாள் பச்சை. பிற்பாடு ஜீன்ஸ் சாயப் பட்டறைகள் பெருகியபோது பெரும்பாலும் நீலம். நொய்யலைப் பார்த்த திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2014 நவம்பரில் ஒரு ராத்திரி ரசாயனக் கழிவை யாரோ இந்த ஆற்றில் கொட்டிவிட்டுப் போக, கரையோரத்தில் தூங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பேர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆறு என்றால் அதுதான் என்று நினைத்து வளர்ந்த ஒரு தலைமுறை நாங்கள்.

அம்மா அப்படி இல்லை. அவள் குளித்தலைக்காரி. அகண்ட காவிரி என்பார்களே, அந்தக் கரை. கடம்பர் கோயில் துறையில் நீச்சல் பழகியவள். கல்யாணமாகி 1972இல் உல்லாஸ்நகருக்கு வந்தபோது, "ஊர்ப் பேரே நதியோட பேராம்" என்று அப்பா சொன்னதை நம்பி வந்தாள். முதல் ஆடிப் பதினெட்டன்று எங்கே போய்க் கும்பிடுவது என்று கேட்டிருக்கிறாள். அப்பா வால்துனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டும் விடியற்காலையில் முனிசிபல் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, குழாயடியைக் கழுவிக் கோலம் போட்டு, குழாய்க் கழுத்தில் மஞ்சள் கயிறு சுற்றிக் குங்குமம் வைப்பாள். காதோலை, கருகமணி, ஒரு பிடி அரிசி. பிறகு எங்கள் கழுத்திலும் கயிறு கட்டுவாள். நாலு வகைச் சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவதற்குப் பதில் பாரக்கின் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குழாய்க்குப் பொட்டு வைக்கும் மதராஸிகள் என்று அண்டை அயலார் வேடிக்கை பார்ப்பார்கள்.

வேடிக்கை பார்க்காத ஒருத்தி அடுத்த அறையில் இருந்த சிந்தி ஆன்ட்டி. அவள் 1949இல் கேம்ப்பிலேயே பிறந்தவள். அவள் குடும்பம் சுக்கூரிலிருந்து வந்தது. சிந்து நதிக் கரையில் இருக்கும் ஊர். ஆற்றின் நடுவில் சாத் பேலோ என்ற தீவும் அதில் கோயிலும் உண்டு. ஆன்ட்டி அதையெல்லாம் பார்த்ததில்லை. அவளுடைய அம்மா சொல்லிக் கேட்டதுதான். சிந்திகளின் தெய்வமான ஜூலேலால் நதியின் தெய்வம், மீன்மேல் உட்கார்ந்து வருபவர். அவருக்காக ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 24 வரை நாற்பது நாள் 'சாலியா' விரதம் இருப்பார்கள். உல்லாஸ்நகர் ஐந்தாம் கேம்ப்பில் இதற்கென்றே புகழ்பெற்ற கோயில் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட நம் ஆடி மாதம். ஆகவே அம்மா குழாயைக் கும்பிட்டபோது ஆன்ட்டிக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. "பானி தோ பானி ஹை" என்று அவளும் தன் பங்குக்கு ஒரு பிடி அரிசியைக் குழாயடியில் போடுவாள். அம்மாவுக்குச் சிந்தி வராது, ஆன்ட்டிக்குத் தமிழ் வராது. இருவரும் பேசும் இந்தி இந்தியாவில் வேறு யாருக்கும் புரியாது. அந்த இந்தியிலேயே ஐம்பது வருடம் ஓட்டிவிட்டார்கள்.

நான் செம்பூரில் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக்கடலில் சேரும் நதிகள் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் உல்லாஸும் வரும். ராஜ்மாச்சி மலைப்பக்கம் உற்பத்தி, கர்ஜத், பத்லாபூர், கல்யாண், வசை முகத்துவாரம், சுமார் 120 கிலோமீட்டர். பிறந்த ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். 2025இல் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவுக்கு முழங்கால் மோசமாகிக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு வருடம் கழித்தால் பாறையில் கால் வைக்க முடியுமா என்பது சந்தேகம். போவோமா என்று போனில் கேட்டேன். "ஆன்ட்டியையும் கூட்டிக்கிட்டுப் போவோம்டி" என்றாள், வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல்.

காரை நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் இரண்டு கிழவிகள், நடுவில் தூக்குச்சட்டிகள். முதல் நிறுத்தம் அம்பர்நாத் சிவன் கோயில். 1060ஆம் ஆண்டில், ஷிலாஹார மன்னர்கள் காலத்தில் எழுந்த கற்கோயில். வெளிச்சுவர் முழுக்கச் சிற்பம். கருவறைக்கு இருபது படி இறங்க வேண்டும். அம்மா முழங்காலை யோசித்து மேலிருந்தே கும்பிட்டாள். கோயிலை ஒட்டி ஓடுவது வால்துனி. ஆயிரம் வருடத்துக்கு முன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த ஸ்தபதி அன்றைய ஆற்றைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். மழைக்காலமாதலால் தண்ணீர் கொஞ்சம் ஓடியது. வாசனையும் கொஞ்சம் ஓடியது.

பத்லாபூரில் முதல் முறையாக உல்லாஸ் தென்பட்டது. கலங்கல் நீர், அகலமாக, அவசரமாக. இங்கே ஆற்றின் குறுக்கே தடுப்பணை இருக்கிறது. பத்லாபூருக்கும் அம்பர்நாத்துக்கும் குடிநீர் அதிலிருந்துதான். கரையோரம் வரை இருபது மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன, 'ரிவர் வியூ' என்று விளம்பரத்தோடு. அந்த வியூ எப்படி இருக்கும் என்பதை 2019 ஜூலை 27 காட்டியது. உல்லாஸ் கரையை மீறி, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவே மகாலட்சுமி எக்ஸ்பிரஸைச் சூழ்ந்துகொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் வைத்து மீட்டார்கள். கடலுக்கு நடுவே ரயில் நிற்பதுபோல டிவியில் தெரிந்த அந்தக் காட்சியை அம்மா மறக்கவில்லை. "இந்த ஆறா அது?" என்றாள். பயமும் ஒரு மரியாதையும் குரலில்.

அங்கேதான் அவளுக்கு நான் ஒரு கணக்குச் சொன்னேன். உல்லாஸ்நகரின் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பத்லாபூருக்குக் கிழக்கே உல்லாஸின் துணை ஆறான பார்வியில் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் அணை இருக்கிறது. அணையில் திறக்கும் நீர் குழாய் வழியாக நேரே வருவதில்லை. ஆற்றோடு ஓடி வருகிறது. பிறகு ஜாம்பூல் பக்கம் உல்லாஸிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றிச் சுத்தம் செய்து ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் குழாயில் வந்தது இந்த நதிதான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அப்ப நான் கயிறு சுத்துனது சரியாத்தான் சுத்தியிருக்கேன்." ஆன்ட்டிக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வாங்கணி வரை பிடித்தது.

நேரலைத் தாண்டியதும் வலப்பக்கம் மாத்தேரான் மலை மேகத்துக்குள் இருந்தது. சாலையோரம் காத்கரி ஆதிவாசிப் பெண்கள் மழைக்கால நண்டுகளைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு விற்றார்கள். வாகனங்களெல்லாம் மும்பை, தாணே நம்பர்கள். மழை வந்தால் மும்பைக்காரன் அருவி தேடிக் கிளம்பிவிடுவான். வருடா வருடம் இந்தப் பக்கத்துக் குளங்களிலும் அருவிகளிலும் இளைஞர்கள் மூழ்கிச் சாவதும், மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவதும் வழக்கமாகிவிட்டது. கர்ஜத்தில் வடாபாவ் சாப்பிடாமல் போவது ரயில் காலத்திலிருந்து பாவம் என்று கருதப்படுகிறது. ஆன்ட்டி விரதம் என்பதால் அம்மாவும் வேண்டாமென்றாள். நான் மட்டும் இரண்டு சாப்பிட்டேன்.

கர்ஜத்திலிருந்து கோண்டிவடே கிராமத்துக்குப் போகும் சாலை ஆற்றை விடாமல் தொடர்கிறது. இதற்கு மேலேதான் இரண்டாயிரம் வருடப் பழமையான கோண்டாணே பௌத்தக் குகைகள். அதற்கும் மேலே ராஜ்மாச்சியின் இரட்டைக் கோட்டைகள், ஸ்ரீவர்தனும் மனரஞ்சனும். எதிரே மலைச் சுவர் ஒரேயடியாக எழும்பி நிற்கிறது. அதில் வெள்ளை நூல் தொங்கவிட்டதுபோல அருவிகள். நான் எண்ண ஆரம்பித்துப் பதினேழில் விட்டுவிட்டேன். மேகம் மூடி, மறுபடி திறந்தபோது கணக்கு மாறிவிட்டிருந்தது. மலைக்கு மேல் இருக்கும் லோணாவலாவில் வருடத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. தமிழ்நாட்டின் சராசரியைப்போல நாலு மடங்கு. பெரும்பகுதி இந்த நாலு மாதத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். அத்தனையும் இறங்கி வரும் வழி இந்த ஒரு பள்ளத்தாக்கு.

ஆறு இங்கே பெரிதில்லை. குளித்தலைக் காவிரியின் ஒரு வாய்க்கால் அளவுதான். ஆனால் சத்தம். கறுத்த எரிமலைப் பாறைகளில் மோதி, சுழித்து, நுரைத்து, ஒரு பாறைக்கு மேல் ஏறி அடுத்ததற்குக் கீழே புகுந்து போகிறது. நிறம், பால் சேர்க்காத டீ. இரு கரையிலும் நாற்று நட்ட வயல்கள், பச்சை இன்னும் கெட்டியாகாத பச்சை. காரை நிறுத்தியதும் அம்மா கதவைத் திறந்து, இறங்காமலே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சின்னக் கோயிலுக்குக் கீழே கல்படிகள் தெரிந்தன. இறங்கப் போனபோது வயலிலிருந்து ஒருவர் கத்தினார். மேலே மழை பெய்தால் இங்கே பத்து நிமிடத்தில் தண்ணீர் ஏறும், நீங்கள் வானத்தைப் பார்க்க வேண்டாம், அந்தப் பாறையைப் பாருங்கள், அது முங்கினால் ஏறி வந்துவிடுங்கள் என்று மராத்தியில் சொல்லி ஒரு பாறையைக் காட்டினார். அதோடு போகவில்லை. நாங்கள் முடிக்கும் வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார். இரண்டாவது படிக்குக் கீழே போவதில்லை என்று முடிவு செய்தோம். அங்கேயே கணுக்கால் வரை தண்ணீர் வந்து போனது.

அம்மா வாழையிலையை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தாள். காதோலை, கருகமணி, வளையல், பழம். அகல் ஏற்றினாள், காற்று அணைத்தது. மூன்றாவது முறை ஆன்ட்டி தன் சேலையால் மறைத்துக்கொண்டாள். இலையோடு தண்ணீரில் விட்டபோது அது போன வேகத்தைப் பார்த்து இருவரும் "ஐயோ" என்றார்கள், ஒரே வார்த்தையாக. குளித்தலையில் விளக்கு அக்கரை வரை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பாள் அம்மா. இது முதல் பாறையிலேயே கவிழ்ந்தது. "போகட்டும், இது சின்னப் பொண்ணு, துள்ளுது" என்றாள்.

பிறகு ஆன்ட்டியின் முறை. அவள் சர்க்கரை கலந்த அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை இரு கையாலும் விரித்து நீட்டி, ஆற்றைப் பார்த்து யாசிப்பதுபோல நின்றாள். இதைப் 'பல்லவ்' என்பார்கள். ஐம்பது வருடமாகப் பக்கெட்டுக்கும் குழாய்க்கும் முன்னால் அவள் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஓடுகிற தண்ணீருக்கு முன்னால் பார்த்ததில்லை. அவளுடைய அம்மா சுக்கூரை விட்டுக் கிளம்பும் அன்று சிந்துவின் கரையில் இப்படித்தான் நின்றாளாம், திரும்பி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு. ஆன்ட்டி என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. அரிசியைப் போட்டுவிட்டு, குனிந்து ஒரு கை தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் தலையிலும். அம்மா அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள். விதவைக்குக் கட்டலாமா என்று ஆன்ட்டி தயங்க, "எனக்கும்தான் அவர் போயிட்டார், நான் கட்டிக்கலையா? இது ஆத்துக்காகக் கட்டுறது" என்று அம்மா தமிழிலேயே அதட்டினாள். புரிந்துவிட்டது.

புளிசாதமும் தயிர்சாதமும் காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காவல் நின்றவருக்கு ஒரு இலை கொடுத்தேன். தேங்காய்ச் சாதத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கோடையில் வந்தால் இங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டேன். "பாறை" என்றார். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் ஆறு குட்டைகளாகத் தேங்கிவிடுமாம். ஆனால் கர்ஜத்துக்குக் கீழே போனால் அந்தக் கோடையிலும் நீரோட்டம் இருக்கும்.

அந்த நீரின் கதை வேறு. மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திரா என்று ஒரு ஆறு (தெலுங்கு தேசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). இந்திராயணியில் சேர்ந்து, பீமாவில் கலந்து, கிருஷ்ணாவாகி வங்கக்கடலுக்குப் போக வேண்டிய நீர். டாடா நிறுவனம் அதைத் தோக்கர்வாடியில் அணை கட்டித் தடுத்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திலிருந்து இந்தப் பக்கம் பீவ்புரியில் விழ வைத்து 1922 முதல் மின்சாரம் எடுக்கிறது. மும்பையின் ஆலைகளையும் மின்சார ரயில்களையும் ஓட்டியது இப்படி மலையிலிருந்து விழுந்த தண்ணீர். சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீர் பேஜ் என்ற துணை ஆற்றின் வழியாக உல்லாஸுக்கு வந்து சேர்கிறது. 1895இல் பென்னிகுயிக் பெரியாற்றை மலையைத் துளைத்து மேற்கிலிருந்து கிழக்கே திருப்பினார். மதுரைச் சீமை பிழைத்தது. இங்கே கிழக்கே போவதை மேற்கே திருப்பினார்கள். மும்பைச் சீமை பிழைத்தது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தர 1976இல் செய்த ஒப்பந்தத்தில் மகாராஷ்டிரத்தின் பங்கு 5 டிஎம்சி. அந்த மாநிலத்தின் கிருஷ்ணா நீரில் ஒரு பகுதியைத்தான் கல்யாணிலும் உல்லாஸ்நகரிலும் தமிழர்கள் கோடையில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை; வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

ஆக, பார்க்கப் போன காட்டாறு நாலு மாதத்து ஆறு. மீதி எட்டு மாதம் அது ஒரு மின்நிலையத்தின் கடைவாய். அந்த நீரும் கல்யாணை நெருங்கும்போது ஊர்களின் சாக்கடையையும் ஆலைகளின் கழிவையும் வாங்கிக்கொள்கிறது. மோஹனே பக்கம் கோடையில் ஆகாயத்தாமரை மூடி, தண்ணீர் இருப்பதே தெரியாது. உல்லாஸையும் வால்துனியையும் கெடுத்ததற்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் நகராட்சிகள் மீதும் கழிவு சுத்திகரிப்பு நிலையங்கள் மீதும் கோடிக்கணக்கில் அபராதம் விதித்தது. வழக்கு மேலே போனது. ஆகாயத்தாமரை அடுத்த கோடையிலும் பூத்தது. நல்ல கத்தரிப்பூ நிறம். விவரம் தெரியாதவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

திரும்பும் வழியில் கிழவிகள் இருவரும் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. ஆன்ட்டி படியிலிருந்து ஒரு பிஸ்லரி பாட்டிலில் ஆற்று நீர் பிடித்து வந்திருந்தாள். சாலியா முடியும் நாளில் கோயிலுக்குக் கொண்டுபோகும் பானையில் அதை ஊற்றப் போகிறாளாம். எனக்கும் பாதி கொடு, பூஜை அலமாரியில் வைக்கிறேன் என்று அம்மா. நீதான் குழாயைத் திறந்தால் வருகிறது என்றாயே, உனக்கு எதற்கு என்று ஆன்ட்டி. அம்பர்நாத்தை நெருங்கும்போது ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக்கில் வால்துனிப் பாலத்தின்மேல் மாட்டிக்கொண்டோம். நான் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றினேன். ஆன்ட்டி மடியில் இருந்த பாட்டிலை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டுத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.